ஹாஷிமோட்டோ தைராய்டும் கோதுமையும்: ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர் யாராவது இருக்காங்களா?

நொய்யல்கரை (கோவை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு வயசு 38. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம், நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கற ஹாஷிமோட்டோ தைராய்டுன்னு கண்டுபிடிச்சாங்க. தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டற ஆன்ட்டி டிபிஓ அப்பவே 600க்கு மேல. 50 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்ச தைராக்ஸின் மாத்திரை ஏறி ஏறி இப்ப 150ல நிக்குது. அப்படியும் தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா ஏறுற டிஎஸ்ஹெச் போன மாசம் 11. என் எடை 52 கிலோதான்.

கூடவே ரத்தச்சோகை. ஹீமோகுளோபின் 9ஐத் தாண்ட மாட்டேங்குது, இரும்புச் சேமிப்பைக் காட்டற ஃபெரிட்டின் வெறும் 6. இரும்புச்சத்து மாத்திரையை மாத்தி மாத்தி எழுதிக் கொடுத்தாச்சு. சாப்பிட்டு அரை மணி நேரத்துல வயிறு உப்பிக்குது. முடி கொத்துக்கொத்தா கொட்டுது.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேக்கறது ஒரே கேள்வி: "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணியோட போடறேன். காபி ஆறரைக்கு மேலதான். இரும்பு மாத்திரை ராத்திரிதான். எவ்வளவு சொன்னாலும் அவர் நம்பின மாதிரி தெரியல. வயித்துக்குன்னு போன இன்னொரு டாக்டர் கேஸ் ட்ரபிள்னு பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார்.

வீட்டுக்காரருக்கு சுகர் வந்ததுல இருந்து எங்க வீட்டுல ராத்திரி சப்பாத்திதான். காலைல பாதி நாள் ரவா உப்புமா, இல்லேன்னா கோதுமை ரவைக் கிச்சடி. கோதுமைக்கும் என் பிரச்சினைக்கும் சம்பந்தம் இருக்குமான்னு கேட்டேன். "அதெல்லாம் வடநாட்டுக்காரங்களுக்கு வர்றது, நாம அரிசி சாப்பிடறவங்க"ன்னுட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுட்டார்.

கோவையோ சென்னையோ வேலூரோ, எங்க இருந்தாலும் போகத் தயார். இந்த ரெண்டையும் புரிஞ்ச டாக்டர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. சப்பாத்தியை நிறுத்திடலாமான்னும் யோசனையா இருக்கு.

தாமரைக்குளம் (திருப்பூர்)

அக்கா, டாக்டருக்காகக் காத்திருக்காதீங்க, நாளைக்கே நிறுத்திடுங்க. எனக்கும் ஹாஷிமோட்டோதான். கோதுமை, மைதா, ரவை மூணையும் விட்டேன். ஒரே மாசத்துல வயிறு லேசாயிடுச்சு, காலைல எந்திரிக்கும்போது இருந்த அசதி போயிடுச்சு. எந்த டாக்டரும் இதைச் சொல்லல. நம்ம உடம்பு நமக்குத்தான் தெரியும்.

சோதனைக்குழாய் (மதுரை)

சகோதரி, தயவுசெஞ்சு இப்ப நிறுத்தாதீங்க. தாமரைக்குளம் நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா உங்க விஷயத்துல அது வேலையைக் கெடுத்துடும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறேன். தினம் பாக்குறதைச் சொல்றேன்.

முதல்ல உங்க டோஸ். தைராய்டு முழுக்கவே வேலை செய்யலேன்னாலும் பெரியவங்களுக்கு ஒரு கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. 52 கிலோவுக்கு 83 வருது. நீங்க 150 போட்டும் டிஎஸ்ஹெச் 11ன்னா மாத்திரை வாய்க்குள்ள போகுது, ரத்தத்துக்குள்ள போகலன்னு அர்த்தம். இரும்பும் ஏறல. ரெண்டும் ஒரே இடத்துலதான் தடைபடுது, சிறுகுடல்ல. பான்டோபிரசோலும் வயித்து அமிலத்தைக் குறைச்சு தைராக்ஸின் உறிஞ்சுறதைக் கொஞ்சம் குறைக்கும். டாக்டர்கிட்ட அதையும் மறக்காம சொல்லுங்க.

இதுக்குக் காரணம் சீலியாக்கா இருக்கலாம், அதாவது கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற புரதத்தால சிறுகுடல் சிதையற நோய். அதுக்கு முதல் ரத்தப் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ. கூடவே மொத்த ஐஜிஏவும் பாக்கணும். சீலியாக் உள்ளவங்கள்ல 100க்கு ரெண்டு மூணு பேருக்கு ஐஜிஏங்கற எதிர்ப்பொருளே உடம்புல சுரக்காது. அவங்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யா நெகட்டிவ்னு வரும். மொத்த ஐஜிஏ குறைவுன்னு தெரிஞ்சா ஐஜிஜிங்கற வேற வகை எதிர்ப்பொருள் பரிசோதனைக்குப் போகணும்.

இந்தப் பரிசோதனை காட்டுறது கோதுமைக்கு எதிரா உடம்பு காட்டுற எதிர்வினையை. கோதுமையை விட்டுட்டா அந்த எதிர்வினை படிப்படியா அடங்கிடும், ரிப்போர்ட் நார்மல்னு வந்துடும். அப்புறம் உண்மை தெரியணும்னா உடம்பு படுத்துறப்பவே வாரக்கணக்கா மறுபடி கோதுமை சாப்பிட்டுட்டு வரச் சொல்வாங்க. எங்க கூடத்துக்கு அப்படி வந்தவங்க பட்ட பாட்டைப் பாத்திருக்கேன். அதனால ரத்தம் கொடுத்து, தேவைப்பட்டா எண்டோஸ்கோபியும் முடியிற வரைக்கும் சப்பாத்தி தட்டுல இருக்கட்டும்.

இன்னொண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறீங்களா? பல இயந்திரங்கள்ல அது டிஎஸ்ஹெச்சைக் குறைச்சும் தைராய்டு ஹார்மோனான டி4ஐக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுக்க ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடணும்.

தலைநகர்த்தமிழன் (தில்லி)

நான் தில்லியில் குடியேறிய திருநெல்வேலிக்காரன். என் மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் என்று தெரிந்தது. வளர்த்தி நின்றுபோயிருந்தது, ரத்தமே இல்லை. இங்கே குழந்தை மருத்துவர் முதல் நாளே டிடிஜி எழுதினார். இந்த ஊரில் அது சாதாரணம். அதே குழந்தையை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போனபோது காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் "சீலியாக்கா? நம்ம ஆளுங்களுக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த மருத்துவர்களும் சேர்ந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் மக்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே 100 பேரில் 1.2 பேருக்கு சீலியாக். தெற்கே 1000 பேரில் ஒருவருக்கு. ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு தெற்கிலும் வடக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். பெரிய வித்தியாசம் கோதுமையில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

சுகர் என்று சொல்லித் தமிழ்நாட்டில் இன்று எத்தனை வீடுகளில் இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிட்டது! "நாம் அரிசி சாப்பிடுகிறவர்கள்" என்று சொல்லும் டாக்டர், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காததுதான் எனக்கு ஆறவில்லை.

மல்லாகத்தாள் (ஸ்கார்பரோ, கனடா)

தங்கச்சி, எனக்கும் ஹாஷிமோட்டோதான். என்ர குடும்ப டொக்டரும் "நீங்கள் அரிசி சாப்பிடுற ஆக்கள்தானே" எண்டுதான் முதல்ல சொன்னவர். நான் பேசாமல் வீட்டை வந்து ஒரு கிழமைச் சாப்பாட்டை ஒரு தாளில எழுதினன். காலமை பாண். பின்னேரம் ரோல்ஸ், இல்லாட்டி பற்றிஸ். இரவில கோதுமை மாப் புட்டு, இல்லாட்டி அவிச்ச கோதுமை மாவில இடியப்பம். சனிக்கிழமை கொத்துரொட்டி. சோறு மத்தியானம் ஒரு நேரம் மட்டும்தான். அந்தத் தாளைப் பாத்திட்டு உடன ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தவர்.

எனக்கு டிடிஜி நெகட்டிவ், ஐஜிஏயும் சரி. பிறகு பாமசியில வேலை செய்யிற பிள்ளைதான் பிரச்சினையைக் கண்டுபிடிச்சவ. கல்சியம் குளிசையையும் தைரொயிட் குளிசையையும் ஒரே நேரத்தில போடச் சொல்லி எனக்கு எழுதித் தந்திருந்தவை. ரெண்டுக்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி வேணுமாம். அதைப் பிரிச்சுப் போடத் தொடங்கினாப் பிறகு டிஎஸ்ஹெச் இறங்கீட்டுது. கோதுமை எல்லாருக்கும் எதிரியில்லை. ஆனா பாக்காமல் விடவும் கூடாது.

தாமரைக்குளம் (திருப்பூர்)

எல்லாரும் டெஸ்ட், டெஸ்ட்னு சொல்றீங்க. எனக்கு ஆன்ட்டி டிபிஓ 900ல இருந்து 300க்கு வந்துச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க? டெஸ்ட்ல வராத குளூட்டன் ஒவ்வாமைன்னு ஒண்ணு இருக்குன்னு டாக்டர்களே ஒத்துக்கறாங்களே. எங்களை மாதிரி இருக்கறவங்க சொல்றதை யாரு கேக்கறா? அஞ்சு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டிருந்தா நான் இணையத்துல தேடியிருக்கவே மாட்டேன்.

பழையவார்டு (தஞ்சாவூர்)

நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். தாமரைக்குளம் கடைசியில் சொன்னது உண்மை. புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைக்குள் அத்தனை பேரைப் பார்த்து முடிக்கவேண்டிய மருத்துவரிடம் நீளமாகப் பேச நேரம் இல்லை. தனியார் மருத்துவமனையிலும் வரிசை குறைவில்லை. அதனால் நோயாளிக்கு நேர்கிற துன்பத்தை மறுக்க மாட்டேன்.

"தெற்கே வராது" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் குடல் சத்தை உறிஞ்சவில்லை என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டிராபிகல் ஸ்ப்ரூ. வேலூர் சி.எம்.சி.யில் அந்த நோயைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. அடுத்தது குடல் காசநோய், அதற்கடுத்து ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. இவை இன்றும் உண்டு. ஸ்ப்ரூவிலும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சிதையும். நுண்ணோக்கியில் பார்த்தால் சீலியாக் போலவே தெரியலாம். ஆனால் ஸ்ப்ரூவுக்கு மருந்து டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும், சீலியாக்குக்கு வாழ்நாள் முழுவதும் உணவுக் கட்டுப்பாடு. இரண்டையும் பிரித்துக் காட்ட டிடிஜி வேண்டும். அதனால்தான் சோதனைக்குழாய் சொன்ன வரிசையை நானும் வற்புறுத்துகிறேன்.

இப்போது தாமரைக்குளத்துக்கு. உங்களுக்கு நிம்மதி கிடைத்தது பொய்யல்ல. சீலியாக் இல்லாமலும் கோதுமை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதை உறுதிசெய்ய இதுவரை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் குற்றவாளி குளூட்டன்தானா என்பது வேறு கேள்வி. 2018இல் நார்வேயில் சீலியாக் இல்லாமல் தாமாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தின்பண்டக் கட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனைவிட அதிகத் தொல்லை தந்தது ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து. அது கோதுமையில் உண்டு, வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. சீலியாக் இல்லாத ஹாஷிமோட்டோ நோயாளிகள் எல்லோரும் குளூட்டனை விடவேண்டும் என்று சொல்ல இன்றைய சான்று போதாது. ஆன்ட்டி டிபிஓ தானாகவே ஏறி இறங்கக்கூடியது. அந்த எண்ணை வைத்து மருந்தின் அளவை யாரும் தீர்மானிப்பதில்லை.

ஹாஷிமோட்டோ போன்ற ஆட்டோஇம்யூன் தைராய்டு உள்ளவர்களைப் பரிசோதித்த பல ஆய்வுகளைத் தொகுத்தால் சுமார் 60 பேரில் ஒருவருக்கு பயாப்சியில் சீலியாக் உறுதியாகிறது. பெரும்பான்மையோருக்கு இல்லை. ஆயினும் மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலேயே, ஆட்டோஇம்யூன் தைராய்டு என்று தெரிந்தவுடன் சீலியாக் பரிசோதனையும் செய்யச் சொல்லிவிட்டது. நொய்யல்கரை, உங்களுக்கு எடைக்கு மீறிய டோஸ், ஏறாத இரும்பு, வயிற்று உப்புசம் மூன்றும் இருக்கின்றன. எந்த மருத்துவரும் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

யாரிடம் போவது? போர்டில் "சுகர், தைராய்டு ஸ்பெஷலிஸ்ட்" என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பெயருக்குப் பின்னால் டி.எம். எண்டோகிரைனாலஜி என்ற ஹார்மோன் துறைச் சிறப்புப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுக்கு டி.எம். மெடிக்கல் கேஸ்ட்ரோ. இரண்டு துறையும் ஒரே கூரையின்கீழ் உள்ள போதனா மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் இரண்டும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், "குளூட்டன் பற்றித் தெரிந்த டாக்டர்" என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் விளம்பரம்தான். "என் மாத்திரை ஏன் உறிஞ்சப்படவில்லை" என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிற டாக்டரைத் தேடுங்கள்.

உள்ளே போனதும் "எனக்குக் குளூட்டன் ஒவ்வாமை" என்று ஆரம்பிக்காதீர்கள். இணையத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் மனம் மூடிக்கொள்ளும். ஒரே தாளில் தேதிவாரியாக டிஎஸ்ஹெச், மாத்திரை அளவு, எடை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் எழுதுங்கள். அதன்கீழ் மல்லாகத்தாள் செய்தது போல ஒரு வாரச் சாப்பாடு. "52 கிலோவுக்கு 150 போட்டும் இறங்கவில்லை, இரும்பும் ஏறவில்லை, மாலப்சார்ப்ஷன் (குடல் சத்தை உறிஞ்சாமை) இருக்குமா டாக்டர், டிடிஜி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாமல் அனுப்பினால் அடுத்த மருத்துவரிடம் போங்கள், தயங்க வேண்டாம்.

நொய்யல்கரை (கோவை)

ஐயா, படிச்சுட்டுக் கண்ணு கலங்கிடுச்சுங்க. தாள் தயார் பண்ணிட்டேன். நடுவுல ஒண்ணு கேக்கணும். ஆன்லைன்ல ஒரு ஃபங்ஷனல் மெடிசின் நிலையம், 200 வகை உணவுக்கு ஐஜிஜி பரிசோதனை, மூணு மாச டயட், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து பேக்கேஜ்னு சொல்றாங்க. பேசின பொண்ணு அவ்வளவு பொறுமையா கேட்டுச்சு. பணம் கட்டலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது.

சோதனைக்குழாய் (மதுரை)

கட்டாதீங்க சகோதரி. உணவுக்கு ஐஜிஜி இருக்குன்னா அந்த உணவை நீங்க சாப்பிட்டு உடம்பு பழகியிருக்குன்னுதான் அர்த்தம், ஒவ்வாமைன்னு இல்ல. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் எல்லாமே இந்தப் பரிசோதனை வேண்டாம்னு சொல்லியிருக்கு. ரிப்போர்ட்டுல பால், முட்டை, தக்காளி, துவரம்பருப்புன்னு நாப்பது பொருள் சிவப்புல வரும். ஏற்கெனவே ரத்தமில்லாத உடம்பு, அதையெல்லாம் விட்டா என்னத்தைச் சாப்பிடுவீங்க? பொறுமையா கேட்டாங்கங்கிறது புரியுது. அந்தப் பொறுமை டாக்டர்கிட்ட கிடைக்காததாலதான் இந்த வியாபாரமே நடக்குது.

நொய்யல்கரை (கோவை)

தகவல் சொல்ல வந்தேன். டி.எம். எண்டோகிரைனாலஜி படிச்ச டாக்டரைப் பாத்தேன். தாளைக் கையில வாங்கி முழுசாப் படிச்சாங்க. 150ங்கற இடத்தைப் பேனாவால வட்டம் போட்டுட்டு, "இவ்வளவு நாள் யாரும் டிடிஜி கேக்கலையாம்மா?"ன்னாங்க. ரிசல்ட் இயல்பு அளவைவிட பத்து மடங்குக்கு மேல. கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட அவங்களே போன்ல பேசி எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு பண்ணினாங்க. சிறுகுடல்ல ஆறு இடத்துல சதைத் துணுக்கு எடுத்தாங்க. மார்ஷ் 3ன்னு ரிப்போர்ட், அதாவது குடலுறிஞ்சிகள் சிதைஞ்சிருக்குன்னு. சீலியாக்தானாம்.

டாக்டர் பேரை இங்க பொதுவுல போடல, தனிமடல்ல கேக்கறவங்களுக்குச் சொல்றேன்.

இப்ப சமையலறைதான் குழப்பம். சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் போச்சு, அது புரியுது. வேற என்ன பாக்கணும்? பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் வருமா?

தலைநகர்த்தமிழன் (தில்லி)

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். தினம் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் போகிற பொருள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். மால்ட் சேர்ந்த சத்துபானம் பெரும்பாலும் பார்லி, அதிலும் குளூட்டன் உண்டு, கூடாது. சம்பா கோதுமையும் கோதுமைதான். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்ந்தது.

அடுத்து மாவு மில். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்த அதே கல்லில் உங்கள் ராகியை அரைத்தால், முதலில் விழுவது அவருடைய மாவு. நாங்கள் வீட்டில் சின்ன அரவை இயந்திரம் வாங்கிவிட்டோம். அரிசியும் ராகியும் கழுவிக் காயவைத்து அதில்தான். பாக்கெட் மாவு என்றால் குளூட்டன் இல்லை என்ற முத்திரையைப் பாருங்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. சப்பாத்திக் கல், பூரிக்கட்டை, சல்லடை உங்களுக்குத் தனி. ஹோட்டலில் பரோட்டா போடும் கல்லிலேயே தோசை ஊற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இட்லி, இடியப்பம், புளியோதரை, அடை, பணியாரம் என்று தமிழ்ச் சமையலில் பாதி உங்களுக்குத் தடையில்லாதது. தில்லியில் ரொட்டி இல்லாமல் குழந்தையை வளர்த்தவன் சொல்கிறேன், நீங்கள் இருக்கிற ஊர் இதற்கு நல்ல ஊர்.

பழையவார்டு (தஞ்சாவூர்)

பிள்ளைகள் இருவருக்கும், உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கும் டிடிஜி பார்க்கவேண்டும். தொந்தரவு இல்லாவிட்டாலும் பார்க்கவேண்டும். அவர்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து இன்றே நிறுத்திவிடாதீர்கள்.

மிக முக்கியமான ஒன்று, மாத்திரை. குடல் ஆற ஆற இதுவரை வீணாகப் போன தைராக்ஸின் உடம்பில் ஏறத் தொடங்கும். 150 உங்களுக்கு அதிகமாகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் பாருங்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைவது வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே எண்டோகிரைனாலஜி டாக்டரிடம் போங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். பான்டோபிரசோல் இனியும் தேவையா என்று கேஸ்ட்ரோ டாக்டரிடம் கேளுங்கள். வைட்டமின் டி, பி12, எலும்பு அடர்த்தி பார்க்கவும் சொல்வார்கள், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

தாமரைக்குளம் (திருப்பூர்)

அக்கா, ரிப்போர்ட் கைக்கு வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஐயா, நான் டெஸ்ட் எடுக்காமலே நிறுத்திட்டேனே, எனக்கு இருக்கா இல்லையான்னு இனி தெரிஞ்சுக்க வழியே இல்லையா? மறுபடி கோதுமை சாப்பிட பயமா இருக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.

பழையவார்டு (தஞ்சாவூர்)

வழி இருக்கிறது அம்மா. ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுப் பரிசோதனைக்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் அதனால் மட்டும் நோய் என்று ஆகாது, மூன்றில் ஒருவருக்கு இருப்பதுதான். அதற்குமேல் கோதுமை சாப்பிட்டுப் பார்ப்பதா என்பதை கேஸ்ட்ரோ டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அவர் கண்காணிப்பில் செய்யுங்கள். உங்கள் பெண் இப்போது கோதுமை சாப்பிடுகிறாள் என்றால், உங்கள் பரிசோதனையைச் சொல்லி அவளுக்கும் டிடிஜி பார்க்கவேண்டுமா என்று அதே டாக்டரிடம் கேளுங்கள்.